ஜன்னல் மேசையின் பட்டாதாரர்

அந்த மேசை என் மாமனாருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பிய சொல்தா அவர். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டின் தெருப்பக்க அறையில், கிழக்கு ஜன்னலை ஒட்டி அந்தத் தேக்கு மேசையைப் போட்டுவைத்திருந்தார். பென்ஷன் வாங்கும் மற்ற சொல்தாக்களுக்கும், கணவரை இழந்த அவர்கள் வீட்டம்மாக்களுக்கும் பிரெஞ்சில் கடிதம் எழுதித் தருவது அவருடைய ஓய்வுக்கால உத்தியோகம். எழுதும்போது இடது முழங்கை ஓரமாக ஒரு பூனை படுத்திருக்கும். கடிதத்துக்கு வருகிறவர்கள் பூனையைத் தள்ளிவிட்டுக் காகிதத்தை வைப்பதில்லை. அது விட்டுவைத்த இடத்தில்தான் வைப்பார்கள். அவர் காலமான பிறகு மேசை சும்மா கிடப்பதாக நானும் கணவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். காலை எட்டரைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் நாங்கள். நடுவில் நடப்பது அத்தைக்கு மட்டும்தான் தெரியும். அவரும் கேட்டால்தான் சொல்வார்.

எனக்குக் காப்பி எடிட்டர் வேலை. வெளிநாட்டு அறிவியல் ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி அச்சேறும் முன் சென்னையிலோ புதுச்சேரியிலோ யாராவது ஒருவர் கண்ணில் பட்டுத்தான் போகிறது என்பது வெளியில் அதிகம் தெரியாது. ஆங்கிலத்தைச் சரிபார்ப்பது, மேற்கோள் பட்டியலை அந்தந்த இதழின் பாணிக்குக் கொண்டுவருவது, சந்தேகம் இருந்தால் கட்டுரையாளருக்குக் கேள்வி எழுப்புவது, புரூஃப் அனுப்புவது. இதெல்லாம் அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்து செய்கிற வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வரப்போகிறது என்று தெரிந்ததும், நிர்வாகமே வேன் வைத்து ஆளுக்கொரு கம்ப்யூட்டரை வீட்டில் இறக்கியது. மானிட்டர், சிபியு, மௌஸ், டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. அந்தக் கீபோர்டைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் மேசை என்று ஒன்றுதான் இருந்தது. துடைத்து, எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது வெள்ளச்சி வந்தாள். எங்கள் வீட்டில் பாதி, தெருவில் பாதி என்று வாழ்கிற பூனை. பெயருக்குத்தான் வெள்ளை, முதுகில் கரித்துணியால் துடைத்த மாதிரி ஒரு திட்டு. சிபியுவைச் சுற்றி வந்தாள். மானிட்டரின் பின்புறத்தை முகர்ந்தாள். பிறகு கீபோர்டின் மேல் ஏறி, முன்னங்கால்களை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். தூக்கிக் கீழே விட்டேன். ஏறினாள். மறுபடியும் விட்டேன்.

அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அது அவ எடம்மா,” என்றார். “பத்து மணிக்கு வெயில் வரும், வந்து படுப்பா. வெயில் போனதும் ஃபேனுக்குக் கீழ திரும்பிப் படுப்பா. சாயங்காலம் முருங்க மரத்துல அணில் எறங்குற நேரத்துக்கு உக்காந்து பாப்பா. மாமா போனதிலேர்ந்து அப்படித்தான்.”

பகல் பொழுதுக்கு அந்த மேசைக்கு ஒரு பட்டாதாரர் இருந்திருக்கிறார் என்பதும், பட்டப்பகலில் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கிய ஆக்கிரமிப்பாளர் நான்தான் என்பதும் அன்றைக்குத் தெரியவந்தது. தெரிந்தாலும் என்ன செய்வது? மாலைக்குள் ஒரு கட்டுரையை முடித்து அனுப்ப வேண்டும்.

சில நாள்களில் துரையும் சேர்ந்துகொண்டான். வெள்ளச்சியின் மகன், நல்ல வாட்டசாட்டமான கடுவன். அவனுக்கு மேசை முக்கியமில்லை, சோறு முக்கியம். வழக்கமாக வைத்திக்குப்பத்துக் கரையில் மீன் இறங்கும் நேரம் அவனுக்கு அத்துப்படி. ஊரடங்கில் கட்டுமரமும் படகும் கரையேறிவிட்டன. அது தளர்வதற்குள் ஏப்ரல் 15 வந்து, வருஷாவருஷம் கிழக்குக் கடற்கரையில் போடுகிற மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டது. கடற்கரையை நம்பிப் பிழைத்த பூனைகள் எல்லாம் தெருவுக்குள் திரும்பின. துரை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, முதுகில் பார்வையை வைத்துக் காத்திருப்பான். திரும்பிப் பார்க்காவிட்டால் மேசைமேல் ஏறி, மானிட்டருக்கும் எனக்கும் நடுவில் நிற்பான். நடு வாக்கியத்தில் ஒரு வால் குறுக்கே போகும்.

கீபோர்டுக்கு வருகிறேன். டிவிஎஸ் கோல்டு கீபோர்டு தட்டெழுத்துக்காரர்களுக்கு என்றே செய்தது போன்ற சாதனம். மெக்கானிக்கல் கீ. ஒவ்வொரு அழுத்தலுக்கும் டக், டக் என்று சத்தம் வரும். அலுவலகத்தில் முப்பது பேர் சேர்ந்து அடித்தால் ஆலங்கட்டி மழைதான். வீட்டில் அந்தச் சத்தம் எனக்குக் காவல் மணியாக வாய்த்தது. அடுப்படியில் ரசம் கொதிக்கவைத்துக்கொண்டிருப்பேன். முன்னறையில் டக், டக்டக், டக் என்று கேட்கும். “யாரோ வேல பாக்குறாங்க போல,” என்பார் அத்தை. கரண்டியோடு ஓடுவேன். பூனை நடப்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம்: இரண்டிரண்டு கீயாக, ஒரே சீராக, தாராளமாக. மனிதர்கள் அப்படி அடிப்பதில்லை. யோசிப்பதற்காக நடுவில் நிறுத்துவார்கள். உட்கார்ந்துவிட்டால் வேறு சத்தம்: ஒரே ஒரு பெரிய டக், அதன் பிறகு எதுவும் இல்லை. அந்த மௌனத்தில்தான் ஒரே எழுத்து பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒருவர் மென்பொருளே எழுதியிருக்கிறார். அரிசோனாவின் டூசான் நகரத்து கிறிஸ் நிஸ்வாண்டர். பாசென்ஸ் என்று பெயர். கீ அழுத்தப்படும் நேரத்தையும் சேர்க்கைகளையும் வைத்து, அடிப்பது விரலா பாதமா என்று கண்டுபிடிக்கும். பாதம் என்றால் கீபோர்டை முடக்கிவிட்டு, பூனைக்குப் பிடிக்காத ஒரு சத்தத்தை எழுப்பும். 2000ஆம் ஆண்டில் அவருக்குக் கணினி அறிவியலுக்கான இக் நோபெல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு அது. டீம் குரூப்பில் யாரோ இந்தச் செய்தியைப் போட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மென்பொருளாக எழுதியதை நான் ரசம் கொதிக்கும் அடுப்பருகே நின்று காதாலேயே செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஆபத்து வேறு மாதிரி. காப்பி எடிட்டர் கோப்பைத் திறந்ததும் செய்யும் முதல் காரியம் டிராக் சேஞ்சஸைப் போட்டுவிடுவது. அதற்குப் பிறகு சேர்த்தது, அழித்தது எல்லாம் சிவப்பில் பதிவாகும். யார் செய்தது, எத்தனை மணிக்கு என்பதும் ஓரத்தில் இருக்கும். உலோகக் கலவை பற்றிய ஒரு கட்டுரையில், வெப்பநிலை என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டு அரைப்புள்ளிகளும் ஒரு சதுர அடைப்புக்குறியும் சிவப்பாக நின்றன. ஓரத்தில் என் பெயர், பகல் ஒன்றே கால் மணி. ஒன்றே காலுக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதற்கு அத்தை சாட்சி. ஆனால் கோப்பு அத்தையைக் கேட்காது. அரைப்புள்ளியாவது கண்ணில் படும். எண்ணுக்குள் ஒரு எண் நுழைந்தால்? 45 என்பது 455 ஆனால்? சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் வேலையைத் தொடர்வதற்கு முன்னால், கடைசி மாற்றத்தில் இருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நான், இது வெள்ளச்சி என்று பிரிப்பது ஒரு தினசரி வேலையாகிவிட்டது.

பூனை செய்த வேலை என் பெயரில் பதிவாகிறதே என்று புலம்பியபோது, டீமில் இயற்பியல் இதழ்களைப் பார்க்கும் பெண் ஒரு பழைய கதையைச் சொன்னாள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர், 1975இல் திட ஹீலியம்-3 பற்றி ஒரு கட்டுரை எழுதி ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார். படித்துப் பார்த்த நண்பர், “ஒற்றை ஆளாக எழுதிவிட்டு ‘நாங்கள்’ என்று போட்டிருக்கிறாயே, திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்றாராம். தட்டச்சுக் காலம். கட்டுரை முழுவதையும் திருப்பி அடிக்க வேண்டும். ஹெதரிங்டன் அதற்குச் சோம்பல்பட்டு, தன் சயாமியப் பூனை செஸ்டரை இணை ஆசிரியராக்கிவிட்டார். எஃப்.டி.சி. வில்லார்ட். முதல் மூன்று எழுத்துகள் ஃபெலிஸ் டொமெஸ்டிகஸ் செஸ்டர். வில்லார்ட் என்பது பூனையின் தகப்பன் பெயர். கட்டுரை அந்த ஆண்டு நவம்பரில் வெளியானது. நண்பர்களுக்குக் கொடுத்த சில பிரதிகளில் பூனை பாதத்தடத்தால் கையொப்பமும் இட்டிருந்தது. அதோடு முடியவில்லை. 1980இல் லா ரெஷெர்ஷ் என்ற பிரெஞ்சு அறிவியல் பத்திரிகையில் அதே வில்லார்ட் பெயரில், துணையாசிரியர் யாரும் இல்லாமல், ஒரு கட்டுரை வந்தது.

இதை அத்தையிடம் சொன்னேன். அமெரிக்காவில் ஒரு பூனை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியது என்றதும் அவர் அசரவில்லை. பிரெஞ்சில் எழுதியது என்றதும்தான் நிமிர்ந்தார். “மாமா பக்கத்துல அத்தன வருஷம் படுத்துக் கெடந்துச்சே இவ அம்மா, ஒரு எழுத்து கத்துக்கல பாரு.”

விரட்டும் வைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. பூனை வளர்க்காதவர்களிடம்தான் அதிகம் கிடைக்கும். ஆரஞ்சுத் தோலைப் பரப்பி வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். காய்ந்த பிறகு உருட்டி விளையாடவும் செய்தாள். அலுமினியத் தாளை மேசை விளிம்பில் ஒட்டினேன். சரசரப்பு பிடிக்காமல் கொஞ்ச நாள் ஒதுங்கினாள். ஆனால் ஒவ்வொரு முறை கை படும்போதும் அந்தச் சரசரப்பு எனக்கும்தான். செல்லோ டேப்பைப் பசை மேலே தெரியத் திருப்பி ஒட்டியதில் அகப்பட்டது என் புடவைத் தலைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் அந்துருண்டை வைக்கச் சொன்னார். அதைக் கேட்டதுமே கால்நடை மருத்துவர் போனில் சத்தம் போட்டார்: அந்துருண்டை பூனைக்கு விஷம், ரத்த அணுக்களையே சிதைத்துவிடும், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களையும் தெளிக்காதீர்கள், பாதத்தில் பட்டதை நக்கிவிடும், அதன் ஈரலுக்கு அதைச் சமாளிக்கும் சக்தி கிடையாது. இதைப் படிக்கிற யாராவது அந்துருண்டைப் பொட்டலத்தோடு நின்றால் தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள்.

தண்ணீர் பீச்சும் யோசனையும் வந்தது. அதை நான் எடுக்கவே இல்லை. தண்ணீர் வந்தது மேசையில் ஏறியதால் என்று பூனை கணக்குப் போடாது. இந்த அம்மாள் கையில் பாட்டில் இருக்கும்போது ஏறக் கூடாது என்றுதான் போடும். பாட்டில் இல்லாத நேரம் நாள் முழுக்க இருக்கிறதே.

இதற்கிடையில் ஒருநாள் திரையே தலைகீழாகிவிட்டது. மானிட்டர் அப்படியே நிற்கிறது, உள்ளே இருக்கும் பக்கம் மட்டும் தலைகீழ். மௌஸை மேலே தள்ளினால் அம்பு கீழே ஓடுகிறது. துரை கீபோர்டில் குப்புறப் படுத்துத் தூங்கி எழுந்து போன இடம் இன்னும் சூடாக இருந்தது. கணவர் மானிட்டரைக் கவிழ்த்து வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலக சிஸ்டம்ஸ் பையனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “மேடம், வீட்ல பூனையா, கொழந்தையா?” என்று கேட்டான். கன்ட்ரோல், ஆல்ட், கூடவே மேல்நோக்கிய அம்பு. மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் நேராகிவிட்டது. கீழ்நோக்கிய அம்போடு அழுத்தினால் கவிழுமாம். அதே வாரத்தில் நான் அவனுக்கு மூன்றாவது பூனை என்றான்.

விண்டோஸ் பட்டனோடு எல் அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று தகவல் பாதுகாப்பு வகுப்பில் வருஷாவருஷம் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவள் வெள்ளச்சி. பூட்டிய பிறகு அவள் என்ன அடித்தாலும் பாஸ்வேர்டு கட்டத்தில்தான் போய் விழும். கவலையில்லை. ஐரோப்பாவில் கையால் பிரதி எடுத்த காலத்திலேயே இந்தப் புத்திமதியைச் சொல்லிவிட்டார்கள். 1420 வாக்கில் நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஒருவர், இரவு திறந்து வைத்துவிட்டுப் போன ஏட்டில் பூனை மூத்திரம் பெய்துவிட்டது. அந்த இடத்தில் எழுதாமல் விட்டு, ஒரு பூனைப் படத்தை வரைந்து, அதைச் சபித்து, பூனைகள் வரக்கூடிய இடத்தில் இரவில் ஏட்டைத் திறந்து போடாதீர்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். எங்கள் தொழிலுக்கு மூதாதை என்று சொல்லலாம். அவருடைய ஏட்டுக்கு அன்டூ கிடையாது.

பூனை சூட்டுக்காகத்தான் கம்ப்யூட்டருக்கு வருகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான். அதன் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல். நமக்கு இதமாக இருக்கும் அறை அதற்குக் குளிர். வெளியே 30 டிகிரியாவது இருந்தால்தான் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் சிரமம் அதற்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெள்ளச்சி சிபியுவின் தலையிலேயே சுருண்டுகொண்டது இதனால்தான். ஆனால் கத்திரி வெயிலில், புதுச்சேரி உப்புக்காற்றில் எல்லாரும் வெந்துகொண்டிருந்தபோதும் அவள் மேசைக்கு வந்தாளே. அப்போது சிபியு பக்கமே போகவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே, ஜன்னலுக்கு அருகில், மரப்பலகை குளிர்ந்திருக்கும் மூலையில் படுப்பாள். மேசை அவளுக்குப் பன்னிரண்டு மாதமும் பயன்படுகிற இடம். நடுவில் கிடந்த கீபோர்டு அவளுக்கு ஒரு இடைஞ்சல், அவ்வளவுதான்; அதன் மேல் அவளுக்குத் தனி ஆசை ஒன்றும் இல்லை. இந்த விஷயத்தில் பழைய குண்டு மானிட்டர்களே மேல். முன்பு இந்த வீட்டில் இருந்த ஒன்றின் உச்சியில் வெள்ளச்சியின் அம்மா நாள் முழுக்கப் படுத்திருப்பாள். உயரம், சூடு, தொந்தரவில்லாத இடம் மூன்றும் ஒரே இடத்தில். வால் மட்டும் திரையில் தொங்கும். மானிட்டரைத் தட்டையாக்கியவர்களுக்குப் பூனை வளர்த்த அனுபவம் இருந்திருக்காது.

சாப்பாட்டு வேளைக்கு அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். பரணில் கிடந்த, கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையை எடுத்துத் தட்டிக் கீபோர்டின் மேல் கவிழ்த்துவிட்டார். பிரமாதமாக வேலை செய்தது. மறுநாள் வந்து பார்த்தால் வெள்ளச்சி கூடையின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் அங்கிருந்து இன்னும் நன்றாகத் தெரிந்தது போலும், நான் வந்து கீபோர்டை உருவிக்கொண்டபோதுகூட அவள் கூடையை விட்டு இறங்கவில்லை. அன்று மதியம் முழுக்க மேசையில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கூடையும் அதன் மேல் அவளும். சிவப்பில் ஒரு எழுத்துகூட அவளுடையது இல்லை.

அதற்குள் கம்ப்யூட்டர் பாதி வேலையில் தானாக அணைய ஆரம்பித்திருந்தது. கடை திறந்ததும் சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனோம். மெக்கானிக் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பிராசசர் மேல் இருந்த விசிறியை எடுத்தார். அதன் அடியில், அலுமினியத் தகடுகளின் இடுக்கை அடைத்துக்கொண்டு, வெள்ளையும் சாம்பலுமாக அட்டை கனத்துக்கு ஒரு விரிப்பு. சிமிட்டாவால் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கிழியாமல் முழுசாக வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “தலகாணிக்கே ஆகும்மா,” என்றார். தூசி ஊதி, புதிதாகப் பேஸ்ட் தடவிக் கொடுத்து, சிபியுவைத் தரையில் இருந்தும் பூனையிடம் இருந்தும் தள்ளி உயரத்தில் வைக்கச் சொன்னார். உயரம்தான் பூனை இருக்கும் இடம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஊரடங்கு தளர்ந்ததும் ஆசாரியை வரச்சொன்னோம். ஜன்னலுக்குப் பக்கத்தில், மானிட்டரின் தலைக்கு மேலே, சுவரில் ஒரு பலகை. ஒன்றரை அடி அகலம். ஏறுவதற்கு நடுவில் ஒரு சின்னப் படி. வழுக்காமல் இருக்கப் பழைய கோணியை இழுத்து ஆணி அடித்தார். பூனைக்கா இத்தனை செலவு என்று கேட்டுக்கொண்டே அளவெடுத்தவர், முடித்த பிறகு தன் கையாலேயே தட்டிப் பார்த்து, “ரெண்டு பூன தாங்கும்,” என்று உத்தரவாதம் கொடுத்தார். வெள்ளச்சி அதைச் சட்டை செய்யவில்லை. கூடையைப் பலகைமேல் கொண்டுபோய் வைத்த பிறகுதான் ஏறினாள். சில வாரத்தில் கூடையை எடுத்துவிட்டோம். அதற்குள் பலகை அவளுடையதாகியிருந்தது. துரைக்கு இன்றைக்கும் கீபோர்டுதான். ஆனால் தடைக்காலம் முடிந்து கடற்கரைக்கு மீன் வர ஆரம்பித்ததும் அவனுடைய பகல்கள் வேறு பக்கம் போய்விட்டன. ஒரு குறை மட்டும் பாக்கி: மேலே அவள் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது ரோமம் நேராகக் கீபோர்டில் இறங்கும். பெயிண்ட் பிரஷ் ஒன்றை மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

2022இல் அலுவலகம் வாரத்தில் சில நாள் வந்தால் போதும் என்றது. மற்ற நாள்களுக்கு வீட்டில் வேலை செய்கிறவர்கள் பணியிடத்தைப் படம் எடுத்து, ஒரு படிவத்தோடு அனுப்ப வேண்டும். நாற்காலி இருக்கிறதா, யுபிஎஸ் இருக்கிறதா, திரை வெளியாட்கள் கண்ணில் படும்படி இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். பலகை தெரியாத கோணத்தில் படம் எடுத்தேன். கடைசிக் கேள்வி: இந்தப் பணியிடத்தைப் பயன்படுத்த வேறு யாருக்கேனும் உரிமை உண்டா? ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் செய்தேன்.

அத்தை பக்கத்தில் நின்று, அது என்ன கேள்வி, என்ன பதில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மேலே ஒரு முறை பார்த்தார்.

“அவளுக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தெரிஞ்சிருந்தா,” என்றார், “இந்த ஃபாரத்த அவதான் உன்கிட்ட கேட்டிருக்கணும்.”